இசைத்தட்டும் தோழமையும்

தமிழர் இசையைக் கூடிக் கேட்டே பழகியவர்கள். பாணர் யாழ் மீட்டியது அரசவையிலும் ஊர் மன்றத்திலும். கூத்து நடந்தது அரங்கில். அந்த அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதை அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று கணக்கிட்டே கூறுகிறது. கோயில் மண்டபத்தில் நாகசுரம் ஒலித்தபோது தெருவெல்லாம் கேட்டது. வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் கருதியது அறிவுரை கேட்டலையே. ஆயினும் செவி வழியாகப் பெறும் எதற்கும் ஒருவர் சொல்லவும் ஒருவர் கேட்கவும் வேண்டும் என்னும் உண்மை அதனுள் அடங்கியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பாடகரைப் பெட்டிக்குள் அடைக்கும் கருவி வந்தது. விரும்பிய பாட்டை விரும்பிய நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் தனியே கேட்கலாம் என்னும் நிலை தோன்றியது. இனி மன்றம் எதற்கு, அரங்கு எதற்கு, பக்கத்தில் ஆள் எதற்கு என்ற கேள்வியும் உடன் எழுந்தது. இக்கேள்விக்கு மும்பைத் தமிழரின் இசை வாழ்க்கை என்ன விடை தருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருவி ஒலியைக் கொடுத்தது. ஆனால் அவ்வொலியைச் சரியாகக் கேட்பதற்கும், இன்னதென்று அறிவதற்கும், அழியாமல் காப்பதற்கும் நண்பர் கூட்டமே தேவைப்பட்டது. இதனைப் படிப்படியாகக் காண்போம்.

1. மூன்று நிமிடக் கச்சேரி

நம் நாட்டில் இசைத்தட்டுப் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கிற்று. கிராமபோன் கம்பெனியின் சார்பில் வந்த பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். தட்டுகளை அச்சிட அக்காலத்தில் இங்குத் தொழிற்சாலை இல்லை. மூலப் பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்றன. அங்கே இருப்பவர்க்குப் பாடியவர் யார் என்பது தெரிய வேண்டுமே! ஆதலின் கௌஹர் ஜான் பாட்டு முடிந்தவுடன் தம் பெயரை ஆங்கிலத்தில் தாமே அறிவித்துவிடுவார். குரலோடு பெயரும் சேர்ந்து பதிவாக வேண்டும் என்னும் இந்தச் சிறு ஏற்பாட்டை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் இறுதியில் இதற்கு மீண்டும் வேலை இருக்கிறது. கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை வந்தது 1908இல்.

பழைய தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுற்றும். அது அரக்குப் பூச்சியின் பிசினால் ஆனது. அரக்கு விளையும் முதன்மையான நாடு நம் நாடே. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். மூன்று மணி நேரக் கச்சேரியை இதில் அடக்க முயன்றால் 60 பக்கங்கள், அதாவது 30 தட்டுகள் வேண்டும். ஆதலின் பல்லவி இல்லை, விரிவான ஆலாபனை இல்லை. பாட்டின் சாரத்தைப் பிழிந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அப்படியிருந்தும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரத்தில் வாசித்த தோடி, தட்டாக வந்து நாடெங்கும் பரவியது. சிறிய சிமிழில் பெரிய மணம் இருக்கலாம் என்பதற்கு அத்தட்டே சான்று.

கிராமபோன் பெட்டியும் தட்டும் விலை மிகுந்தவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி மாற்ற வேண்டும்; மாற்றாவிடில் தேய்ந்த ஊசி தட்டின் பள்ளத்தை அறுத்துவிடும். சாவி கொடுக்க ஒரு கை, தட்டைத் துடைக்க ஒரு கை, ஊசி மாற்ற ஒரு கை என்று, பெட்டியைச் சுற்றித் தாமாகவே நான்கு பேர் சேர்ந்தனர். ஒரு தெருவில் ஒருவரிடம் பெட்டி இருந்தால் மற்றவர்கள் தட்டு வாங்கினார்கள். 1948இல் அமெரிக்காவில் நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் நெடுந்தட்டு வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் பாடிற்று. கருவி மாறியது, ஆனால் ஒருவர் கருவியும் ஒருவர் தட்டுமாகக் கூடும் வழக்கம் மாறவில்லை.

2. அம்பர்நாத்தும் மாதுங்காவும்

மும்பைத் தமிழர் இசைக்கு நடுவிடமாக அமைந்தது மாதுங்காவும் அதை அடுத்த சயானும். ஸ்ரீ ஷண்முகானந்தா நுண்கலை சங்கீத சபை 1952இல் தொடங்கியது. அதன் பேரரங்கு 1963இல் திறக்கப்பட்டது. 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. செம்பூரிலும் நுண்கலைச் சங்கம் ஒன்று நெடுங்காலமாக இசை வளர்த்து வருகிறது. தாராவியிலோ, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தோரின் தெருக்களில் கோயில் கொடையும் திருமணமும் ஒலிபெருக்கியின்றி நடந்ததில்லை.

இவற்றிலிருந்து அம்பர்நாத் தொலைவில் இருக்கிறது. 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டு உடைய சிவன் கோயிலால் பெயர் பெற்ற இவ்வூர், மத்திய ரயில் பாதையில் கல்யாணுக்கும் அப்பால் உள்ளது. மாதுங்காவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர்; மின்வண்டியில் ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். தீப்பெட்டித் தொழிற்சாலையும், 1950களில் வந்த இராணுவத் தளவாடத் தொழிற்சாலையும், பின்னர் வந்த இரசாயன ஆலைகளும் இவ்வூரைத் தொழிலாளர் ஊராக்கின. முதல் ஷிப்டுக்குக் காலையில் போக வேண்டிய ஒருவர், இரவு பத்து மணிக்கு முடியும் கச்சேரியைக் கேட்டுவிட்டு, சயானில் வண்டி பிடித்து, நள்ளிரவில் வீடு சேர்ந்து, மறுநாள் வேலைக்கும் செல்வது எத்தனை நாளைக்கு இயலும்? முத்தாய்ப்பைக் கேட்காமல் எழுந்து வண்டிக்கு ஓடுவது தொலைவில் வாழும் சுவைஞனின் தலையெழுத்து.

ஆதலின் இத்தகைய ஊர்களுக்கு வீட்டுக் கருவியே அரங்காயிற்று. முதலில் வந்தது வானொலி. அகில இந்திய வானொலி 1952இல் தேசிய இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. சனிக்கிழமை இரவுகளில் இந்துஸ்தானி இசையும் கருநாடக இசையும் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒலித்தன. அக்காலத்தில் ரேடியோப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். அம்முறை 1980களில்தான் நீங்கியது. உரிமம் ஒருவர் பெயரில் இருந்தாலும் கேட்டவர் பலர்.

அடுத்து வந்தது ஒலிநாடா. கால் அங்குல அகலமும் 1200 அடி நீளமும் கொண்ட ஏழு அங்குல ஸ்பூல், நொடிக்கு 3¾ அங்குல வேகத்தில் ஓடினால் ஒரு தடத்தில் 64 நிமிடம் பதியும். மூன்று நிமிடச் சிறையிலிருந்து இசைக்கு விடுதலை கிடைத்தது இங்கேதான். ஆலாபனையும் தனியாவர்த்தனமும், இடையில் எழும் கைதட்டலும், பக்கவாத்தியக்காரரை நோக்கிப் பாடகர் சொல்லும் ‘பேஷ்’ என்னும் சொல்லும் நாடாவில் நின்றன. மாதுங்காவில் பாடியது அம்பர்நாத்துக்கு வண்டியேறி வந்தது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நாடாவைப் படியெடுக்க இரண்டு கருவிகள் வேண்டும். இரண்டு கருவி வைத்திருப்பவர் அரியர்; ஆகவே ஒருவர் தம் கருவியை மற்றொருவர் வீட்டுக்குச் சுமந்து செல்ல வேண்டும். மேலும் மூன்று மணிக் கச்சேரியைப் படியெடுக்க மூன்று மணி நேரம் ஆகும். அதற்குக் குறுக்கு வழி இல்லை. அந்த மூன்று மணி நேரமும் இருவரும் எதிரெதிரே அமர்ந்து, நாடா சிக்காமல் பார்த்துக்கொண்டு, பேசாமல் கேட்டாக வேண்டும். கருவியின் குறையே நட்புக்கு வாயில் ஆயிற்று. ஒரு முறை படியெடுத்து முடிவதற்குள் அவ்விருவரும் ஒரு கச்சேரியை முழுமையாகச் சேர்ந்து கேட்டவர் ஆகிவிடுவர்.

தொழிலாளர் ஊருக்கு இன்னொரு வளமும் உண்டு. பொருத்துநர், கடைசல் தொழிலாளர், மின்பணியாளர் ஆகியோர் கூடி வாழும் இடத்தில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. ஒருவர் ஒலிபெருக்கிக்கு மரப்பெட்டி அறுப்பார். ஒருவர் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுவார். ஒருவர் லாமிங்டன் சாலைக் கடைகளில் வால்வும் கண்டென்சரும் பொறுக்கி வருவார். ஒருவர் சோர் பஜாரில் பழந்தட்டுகளைக் கிளறுவார். நால்வர் அறிவும் ஓர் ஆம்பிளிபயரில் கூடும்போது அது யாருடைய பெட்டி என்று பிரித்துச் சொல்வது கடினம்.

3. அறையும் ஆளும்

கூடிக் கேட்பதால் ஒலியே திருந்துகிறது என்று கூறினால் சிலர் அதனைப் புகழ்ச்சி என்று எண்ணக்கூடும். அஃது இயற்பியல் உண்மை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்னும் அறிஞர் 1890களின் இறுதியில், எதிரொலி மிகுந்த ஒரு விரிவுரைக் கூடத்தை ஆராய்ந்தார். இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டும் எடுத்தும், ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒலியை விழுங்கும் ஆற்றலுக்கு அவர் கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். ஏனெனில், சன்னல் வழியே சென்ற ஒலி திரும்பி வராது. மனித உடலும் ஆடையும் ஒலியை விழுங்குகின்றன. நடுத்தரச் சுருதிகளில் ஓர் ஆள், ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சிறிது குறைவான வேலையைச் செய்கிறார்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையின் கன அளவு 36 கனமீட்டர். அதில் உள்ள மெத்தை, திரை, அலமாரி முதலியவை 8 சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை விழுங்குவதாகக் கொள்வோம். சபைனின் விதிப்படி கன அளவை 0.161ஆல் பெருக்கி, விழுங்கும் அளவால் வகுத்தால், ஒலி அடங்கும் நேரம் ஏறத்தாழ 0.72 நொடி வரும். அதே அறையில் எண்மர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு 0.45 வீதம் 3.6 சதுர மீட்டர் கூடும், நேரம் 0.50 நொடியாகக் குறையும். மிருதங்கத்தின் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியே தெரியும். வெற்றறையில் இரைச்சலாக ஒலித்த ஒலிபெருக்கி, நண்பர்கள் வந்தவுடன் நன்றாக ஒலிப்பதை உணர்ந்து, ‘உங்களைக் கண்டால்தான் இந்தப் பெட்டி பாடுகிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை என்று அறிக.

4. கருவி அறியாத பிழை

கூட்டத்தின் தேவை இதனினும் மிகுதியாகப் புலப்படும் இடம் ஒன்று உண்டு. அது வேகம்.

தட்டும் நாடாவும் சரியான வேகத்தில் ஓடினால்தான் சுருதி சரியாக இருக்கும். வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி ஒரு சுரத்தானம் ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவதுபோல் தோன்றுவார், குரல் சற்றே இளமையாகும், காலப்பிரமாணம் விரைவாகும், ஒரு மணி நேரக் கச்சேரி 57 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கேட்பவர் இதனைப் பாடகரின் விறுவிறுப்பு என்று பாராட்டவும் கூடும்!

அயல்நாட்டு உறவினர் அன்போடு கொண்டுவந்த கருவிகள் இதில் பெருங்குழப்பம் விளைவித்தன. அமெரிக்க மின்சாரம் 110 வோல்ட்டு அளவில், நொடிக்கு 60 சுழற்சி உடையது. நம்முடையது 230 வோல்ட்டு அளவில், 50 சுழற்சி உடையது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், சுழற்சியை மாற்றாது. ஆகவே மின்சாரத்தின் சுழற்சியைப் பின்பற்றி ஓடும் மோட்டார் உடைய கருவி, நம் நாட்டில் ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். நொடிக்கு 7½ அங்குலம் ஓட வேண்டிய நாடா 6¼ அங்குலமே ஓடும்.

இப்போது இந்தக் கருவியில் ஒருவர் கச்சேரியைப் பதிவு செய்கிறார் என்று கொள்வோம். அதே கருவியில் திரும்பக் கேட்கிறார். பதிந்ததும் மெதுவாக, ஓடுவதும் அதே அளவு மெதுவாக. ஆதலின் அவர் காதுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பத்தாண்டு தனியே கேட்டாலும் பிழை தெரியாது. அந்த நாடாவை நண்பர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, சரியான வேகமுள்ள கருவியில் போட்ட அன்றே, சுருதி மூன்று சுரத்தானங்களுக்கும் மேலாக ஏறி, பாடகர் கீச்சுக் குரலில் ஓடுவார். பிழை வெளிப்பட்டது பகிர்ந்தபோதுதான்.

பிழை தெரிந்தபின் திருத்துவது யார்? கருவிக்கு அது தெரியாது. ‘அவர் அந்தக் காலத்தில் ஒரு கட்டைக்கு மேல் பாடியதில்லை’ என்று சொல்லக்கூடிய ஒரு முதியவர் வேண்டும். ‘அன்று நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன், வயலின் வாசித்தவர் இன்னார்’ என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். தம்பூரைக் கையிலெடுத்துச் சுருதி சேர்த்துக் காட்டும் ஒருவர் வேண்டும். மூவரும் கூடி உடன்பட்ட பிறகு மோட்டாரின் வேகத்தைத் திருத்தலாம். தனித்துக் கேட்பவனுக்குக் கருவியே சான்று. கூடிக் கேட்பவர்க்குக் கருவியையும் சோதிக்கச் சான்று உண்டு.

5. நாள்தோறும் நிகழும் நட்பு

இக்கூட்டங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒரு வீட்டில் நான்கைந்து செருப்புகள் வாசலில் கிடக்கும்; அவ்வளவே அடையாளம். மாதுங்காவில் வீட்டுக்காரரை ‘மாமா’ என்பர். தாராவியில் ‘அண்ணாச்சி’ என்பர். மாமி கொடுக்கும் காப்பி இல்லாமல் கூட்டம் இல்லை. ஆயினும் மாமிக்கு இவர்களைவிட இராகம் நன்றாகத் தெரியும் என்பது பெரும்பாலும் இரண்டாம் காப்பியின்போதுதான் தெரியவரும்.

‘மாமா, இது தர்பாரா, நாயகியா?’ என்று இளைஞர் ஒருவர் கேட்பார். மாமா விடை கூறமாட்டார். அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டிக் காட்டுவார். இரண்டாம் முறை கேட்டவுடன் ஐயம் கூடும். மூன்றாம் முறையில் தீரும். அரங்கில் இது நடவாது. அங்கே ஒரு சங்கதி வந்தது வந்ததுதான், போனது போனதுதான். திரும்பக் கேட்கும் வசதியைக் கருவி தந்தது. எந்த இடத்தைத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதை நண்பர் தந்தார். இரண்டும் சேர்ந்தபோது வீட்டுக்கூடம் பள்ளிக்கூடமாயிற்று. ஆசிரியரிடம் முறையாகப் பயில வசதியில்லாத பலர் இராகம் அறிந்தது இத்தகைய கூடங்களில்தான்.

ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களா, மதுரை மணி ஐயரின் சுரங்களா என்று கட்சி கட்டி வாதிடுவதும் உண்டு. வால்வு ஆம்பிளிபயரின் இனிமை டிரான்சிஸ்டரில் இல்லை என்று ஒருவர் சாதிப்பார். கண்ணை மூடச் சொல்லி மற்றொருவர் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி அவரைச் சோதிப்பார். தோற்றவர் அடுத்த வாரம் வடை வாங்கி வர வேண்டும். இவ்வாதங்கள் எத்தனை ஆண்டு நடந்தாலும் முடிவதில்லை. முடிந்துவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதற்கு வருவது?

எழுதப்படாத சட்டங்கள் சிலவும் இங்கு உண்டு. தட்டை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். 78 சுற்றுத் தட்டுக்கு நெடுந்தட்டின் ஊசியைப் போடலாகாது. முன்னதன் ஊசிமுனை ஏறத்தாழ மூன்று மடங்கு பருமன். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியையே பாடும். ஆலாபனையின்போது பேசலாகாது. இரவல் வாங்கிய நாடாவைச் சுற்றிவைத்தே திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றிலும் தலையாயது, நண்பர் தந்த பதிவை விற்கலாகாது என்பது. பாடியவரின் இசைவால் நட்பு வழியாக வந்தது நட்பு வழியாகவே செல்ல வேண்டும் என்பது நல்ல சுவைஞரின் ஒழுக்கம்.

இதுபோன்ற கூட்டுறவு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் காம்ப்டன் மெக்கன்சி என்னும் எழுத்தாளர் 1923இல் ‘தி கிராமபோன்’ என்ற இதழைத் தொடங்கினார். அங்குத் தட்டுக் கேட்கும் சங்கங்கள் ஊர்தோறும் வளர்ந்தன. 1947இல் வில்லியம்சன் என்னும் பொறியாளர் தாம் அமைத்த ஆம்பிளிபயரின் சுற்றுப்படத்தை ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் யாவரும் காண வெளியிட்டார். அதைப் பார்த்து உலகெங்கும் ஆர்வலர்கள் தம் கையாலேயே ஆம்பிளிபயர் கட்டினர். ஜப்பானில் தட்டு வாங்க இயலாதோர் காப்பிக்கடைகளில் அமர்ந்து மேலைச் செவ்வியல் இசை கேட்டனர். டோக்கியோவின் ஷிபுயாவில் 1926இல் தோன்றிய ‘லயன்’ என்னும் கடை அவற்றுள் புகழ்பெற்றது. நம் மும்பையிலும் காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸ் கடையில், தட்டை வாங்குமுன் கேட்டுப் பார்க்கத் தனிச் சிற்றறைகள் இருந்தன. அக்கடை 2016இல் மூடப்பட்டது.

பெயரில்லாக் கூட்டம் ஒன்று பெயர் பெற்றால் எத்துணைப் பணி செய்ய முடியும் என்பதற்கும் மும்பையிலேயே சான்று உண்டு. 1990இல் இங்கு இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சுரேஷ் சந்த்வண்கர் அதன் செயலாளராக இருந்து உழைத்தார். உறுப்பினர்கள் தத்தம் தட்டுகளைக் கொணர்ந்து கூடிக் கேட்டனர். ‘தி ரெக்கார்டு நியூஸ்’ என்னும் இதழில், பாடியவர், தட்டின் எண், பதிவான காலம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதினர். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் தனி மனிதராகவே பல்லாயிரம் தட்டுகளைத் திரட்டினார். பொழுதுபோக்கு என்று உலகம் எண்ணியதை இவர்கள் வரலாறாக மாற்றினார்கள்.

6. இன்று நம்முன் உள்ள இடர்

1963இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டது. 1982இல் குறுந்தகடு வந்தது. இப்போது கைப்பேசியிலேயே கடல் போன்ற இசை கிடைக்கிறது. தட்டுக்காக ஒருவர் வீட்டை ஒருவர் நாட வேண்டிய தேவை ஒழிந்தது. அம்பர்நாத்திலிருந்து மின்வண்டியில் வரும் மாணவர் பத்துப் பேரும் காதில் செருகியைப் பொருத்திக்கொண்டு பத்துப் பாட்டுக் கேட்கிறார்கள். அதில் குற்றம் காண்பதற்கில்லை. கூட்ட நெரிசலில் அமைதி தேடுவது இயல்பே. ஆயினும் பஞ்சத்தால் உண்டான கூட்டுறவு, வளம் வந்தவுடன் தானே கலைகிறது என்பதை மறுக்க இயலாது. இனி அது வேண்டுமானால் விரும்பித்தான் கூட வேண்டும்.

இதில் இழப்பு என்ன என்று கேட்கலாம். இழப்பு அலமாரிகளில் இருக்கிறது. மும்பையிலும் புறநகர்களிலும் தமிழர் வீடுகளின் பரண்களில் இன்றும் ஸ்பூல்களும் கேசட்டுகளும் கிடக்கின்றன. இந்நகரின் மழைக்கால ஈரம் அவற்றுக்குப் பகை. நாடாவில் காந்தப் பொடியை ஒட்டவைக்கும் பசை, ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும்; அசிட்டேட்டால் ஆன பழைய நாடா புளிப்பு நாற்றம் வீசி நொறுங்கும்; பூஞ்சை படரும்; கேசட்டின் உள்ளே நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு பஞ்சுப்பட்டை கழன்று விழும். இவையெல்லாம் பொருளின் அழிவு. இவற்றுட் பலவற்றுக்கு மருந்து உண்டு.

மருந்தில்லாத அழிவு வேறொன்று. அது பெயரின் அழிவு. பல கேசட்டுகளின் மேல் ‘நல்ல தோடி’ என்றோ, ‘மாதுங்கா, இரண்டாம் பக்கம்’ என்றோ மட்டும் எழுதியிருக்கும். எழுதியவருக்கு அது போதும். மற்றவற்றை அவரும் அவர் நண்பர்களும் அறிவர். பாடியவர் யார், மிருதங்கம் யார், எந்த ஆண்டு, எந்தச் சபை, கருவி எந்த வேகத்தில் ஓடியது என்பனவெல்லாம் அந்த நால்வர் பேச்சில் வாழ்ந்தன. நால்வரில் மூவர் மறைந்தபின் எஞ்சியவரிடம் ஒருவரும் கேட்காவிட்டால், நாடா நன்றாக இருந்தும் இசை அநாதையாகிறது. பழந்தமிழ் நூல்கள் பல கரையானுக்கு இரையானதைப் படித்து வருந்துகிறோம். பெயர் இழந்த ஏடுகளை வைத்துக்கொண்டு அறிஞர் பட்ட பாட்டையும் படிக்கிறோம். அதே இழப்பு நம் காலத்தில், நம் வீட்டுப் பரணில், நம் கண்முன்னே நடக்கிறது. அன்று கௌஹர் ஜான் பாட்டின் முடிவில் தம் பெயரைச் சொல்லி வைத்தார்; இந்த நாடாக்களுக்கு அதனை நாம்தான் செய்ய வேண்டும்.

7. மாணவர் செய்யத்தக்கன

முதலாவது, குடும்பத்திலோ அண்டையிலோ பழைய பதிவுகளை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைத் தேடிச் செல்க. பதிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்புவது போதாது. அவரோடு அமர்ந்து கேட்க வேண்டும். அவர் நண்பர்களையும் அழைக்க வேண்டும். தனியே நினைவுக்கு வராதது, மற்றொருவர் ஒரு சொல் சொன்னவுடன் நினைவுக்கு வரும்.

இரண்டாவது, குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்க. பாடியவர், பக்கவாத்தியம், இடம், ஆண்டு, உருப்படிகள், சுருதி, பதிந்த கருவி, இச்செய்தியைச் சொன்னவர் ஆகிய எட்டையும் எழுதுக. உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்து எழுதுக. பெரியவர் இசைந்தால் அவர் பேசுவதையே கைப்பேசியில் பதிந்துகொள்க.

மூன்றாவது, பழைய நாடாவை எடுத்த எடுப்பில் ஓட்டலாகாது. பூஞ்சையோ பிசுபிசுப்போ இருந்தால் ஓட்டும்போதே காந்தப்பொடி உரிந்துவிடும், அறிந்தவரிடம் காட்டுக. நல்ல நாடாவாயின், கருவியின் தலையை ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு, ஓட்டும் முதல் முறையிலேயே கணினியில் பதிந்துகொள்க. இரண்டாம் முறை ஓடும் என்பதற்கு உறுதி இல்லை.

நான்காவது, படிகளை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று வீடுகளில் வைக்க. பேரரங்கே எரிந்ததை இந்நகரம் 1990இல் கண்டது. பல நண்பர் வீடுகளில் இருப்பது ஒரே நாளில் அழியாது.

ஐந்தாவது, மாதம் ஒரு முறையேனும் பத்துப் பேர் ஓர் அறையில் கூடி, ஒரே பதிவை, ஒரே ஒலிபெருக்கியில், தொடக்கம் முதல் முடிவு வரை கேட்க. விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒலிபெருக்கியைச் சுவரின் மூலையிலிருந்து சற்று நகர்த்தி, காதின் உயரத்தில் வைத்து, தரையில் ஒரு சமுக்காளம் விரித்தால் போதும். மற்றதை வந்து அமரும் பத்துப் பேரும் பார்த்துக்கொள்வர் என்பதை மேலே கணக்கிட்டே கண்டோம். விடுதி அறையில் முதல் கூட்டத்தைத் தொடங்கலாம். முடிந்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வீட்டுப் பரணிலிருந்து ஒரு கேசட்டும், அதைப்பற்றிச் சொல்லத் தெரிந்த ஒரு பெரியவரையும் அழைத்து வருக. அம்பர்நாத்திலிருந்து வருவோர் ஊர் திரும்பக் கடைசி வண்டி போவதற்குள் கூட்டம் முடிய வேண்டும் என்பதை மட்டும் அமைப்பாளர்கள் மறவாதிருப்பார்களாக!